மச்சானுக்குப் பதிலாக ஒரு மெஷின்

இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் சுவரோரம் ஒரு மெஷின் நிற்கிறது. சுவிட்சைத் தட்டினால் மேளமும் மணியும் சேர்ந்து அலறுகின்றன. அதற்கெல்லாம் ரொம்ப வருஷம் முன்னால், ரப்பர் விலை இன்னும் விழாத காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த சின்ன அம்மன் கோயிலில், கரண்ட் இல்லாமலே அப்படி ஒரு மெஷினை நான் செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கோபத்தில் செய்தேன். என் மச்சான், அவன் பெண்டாட்டி, ஐந்து பிள்ளைகள், ஒரு ஆடு, இத்தனையையும் என் ஒற்றை அறை வீட்டுக்குள் கொண்டுவந்து தள்ளப் பார்த்தது அந்த மெஷின். அதைத் தடுக்க நான் பட்ட பாட்டை எழுதாமல் செத்துப்போனால் எனக்கு நெஞ்சு ஆறாது.

நான் ரயில் பட்டறையில் ஃபிட்டர். காலையில் ஆட்களை ஏற்றிப் போகிற ரயிலில் போவேன், சாயங்காலம் ஐந்தரைக்கு அதே ரயிலில் வந்து இறங்குவேன். எங்கள் லயத்தில் எல்லோருமே ரயில்வே ஆட்கள்தான். கொடி காட்டுகிறவர், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர், தண்டவாளக் கேட்டை மூடித் திறக்கிறவர். ஒரு நிமிஷம் பிந்தினால் திட்டு வாங்கிப் பழகிய கூட்டம். அம்மனுக்கும் நாங்கள் டைம்டேபிள் வைத்திருந்தோம். ஆறு மணிக்குப் பூசை, ஆறரைக்கு வீடு, ஏழு மணிக்குச் சோறு.

இதைக் கெடுக்கவென்றே பிறந்தவன் என் மனைவியின் அண்ணன். அவன்தான் கோயில் மேளக்காரன். செமினிப் பக்கம் ஏதோ தோட்டத்தில் மேளம் கற்றுக்கொண்டு வந்தவன். கோயிலுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு அறை உண்டு. மேளக்காரனாக இருக்கிறவரை அங்கே குடியிருக்கலாம். அங்கேதான் குடும்பத்தோடும் ஆட்டோடும் இருந்தான். நன்றாகத்தான் அடிப்பான். அது எனக்கு வேறு ஒரு கோபம். மேளச் சத்தம் இல்லாமல் பூசாரி சூடம் ஏற்ற மாட்டார். கோயிலிலிருந்து பத்தடி தூரத்தில் குடியிருந்த மச்சானோ ஒரு நாளும் ஆறு மணிக்கு வர மாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது. கோயில் தலைவர் ஸ்டேஷனில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே. கோட்டுப் பையிலிருந்து வாட்சை எடுப்பார், பார்ப்பார், மூடுவார், மறுபடியும் எடுப்பார். எனக்கு வயிறு கத்தியது. அப்போதுதான் மச்சான் ஈரத்தலையோடு, சீப்பால் வாரிக்கொண்டே வந்தான்.

"எங்கடா போன?"

"குளிச்சேன் மாப்பிள்ளே. அழுக்கா வந்து அடிச்சா ஆத்தா கோவிச்சுக்குவா."

"மணி ஆறே முக்கா!"

"அது ஒங்களுக்கு. ஆத்தா எந்த ரயிலப் புடிக்கப் போறா?"

கூட்டம் சிரித்தது. கரி அள்ளிப் போடுகிறவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஒனக்குப் பதிலா ஒரு மெஷின வச்சுட்டா இந்த ரோதனையே இல்ல. சொன்ன நேரத்துக்கு அடிக்கும். பல்ல இளிக்காது."

"செய்யேன் மாப்பிள்ளே. அது அடிக்கட்டும், நான் அந்த நேரத்துல ஒரு தூக்கம் போடுறேன்."

தலைவர் வாட்சை மூடினார். "ஏம்ப்பா ஃபிட்டர், நெசமாவா? அப்படி ஒண்ணு செய்ய முடியுமா?"

"முடியும்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

மறுநாள் பட்டறையில் பிளான் வரைகிற யாழ்ப்பாணத்தாரிடம் போனேன். ஒல்லியான மனிதர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அது எங்கே என்று தேடுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல மூண்டு கேள்விக்குப் பதில் எழுதும் காணும். ஒண்டு, என்ன தொல்லை? ரெண்டு, அந்தத் தொல்லை ஆருக்கு? மூண்டு, அந்தத் தொல்லை போனாப் பிறகு என்ன நடக்கும்?"

"இது என்ன பள்ளிக்கூடமா? கையில சுத்தியல் இருக்கு, இரும்பு இருக்கு. செஞ்சுட்டுப் போறேன்."

"சுத்தியல் உள்ள எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. எழுதும்."

முதல் கேள்விக்கு "மச்சான்" என்று எழுதினேன். இரண்டாவதற்கு "எனக்கும் அம்மனுக்கும்" என்று எழுதினேன்.

"அம்மனைக் கேட்டனீரோ?"

"அம்மனுக்குப் பசிக்காதா?"

"சரி, மூண்டாவது?"

"ஏழு மணிக்குச் சோறு கிடைக்கும். வேற என்ன?"

"அதையாவது எழுதுமன்."

நான் எழுதவில்லை. வேலை மணி அடித்துவிட்டது. அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் மெஷினை வரைந்து கொடுத்தார். ஒரு மர உருளை. அதைச் சுற்றிலும் இரும்பு முளைகள். உருளை சுற்றும்போது முளைகள் குச்சியைத் தூக்கிவிடும், குச்சி மேளத்தில் விழும். இன்னொரு வரிசை முளை மணிக் கயிற்றை இழுக்கும். உருளையைச் சுற்றுவதற்குக் கயிற்றில் கட்டிய ஒரு மணல் மூட்டை. மூட்டை தன் பாரத்தில் கீழே இறங்க இறங்க உருளை சுற்றும். ஆளே வேண்டாம். ஆளே வேண்டாம் என்று நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

"முதல்ல சின்னதாச் செய்து பாரும். மேளத்தில வைக்காதையும், கிழிஞ்சு போகும். வேற ஏதாவதில அடிச்சுப் பாரும்" என்றார்.

பட்டறையில் ஃபோர்மனிடம் கேட்டு வேண்டாத இரும்பு கொஞ்சம் வாங்கினேன். மரம், பால் டின் வந்த பெட்டிகளிலிருந்து. மணல் மூட்டையை லயத்துக்குப் பின்னால் இருந்த மாமரத்தில் கட்டினேன். மேளத்துக்குப் பதிலாக மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயமே சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம், மூட்டையை விட்டேன்.

நல்ல சத்தம். அதுதான் தப்பு. எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய்த் தகரத்தை விடாமல் தட்டினால் ஒரே அர்த்தம்தான். தீப் பிடித்துவிட்டது. அத்தாப்பு ஓலைக் கூரைக் காலத்திலிருந்து வந்த பழக்கம். இதே தகரத்தைத் தட்டி நானே எத்தனை தரம் ஓடியிருக்கிறேன். அது என் மண்டையில் தோன்றவே இல்லை. நிமிஷத்தில் இருபது முப்பது பேர் வாளியோடு வந்துவிட்டார்கள். என்னைச் சுற்றித் தீயைத் தேடினார்கள், காணோம். கொண்டுவந்த தண்ணீரை என்ன செய்வது?

"நிறுத்துங்க! மெஷினு! மெஷினுதான்!" என்று கத்தினேன்.

"மெஷின்லதான் தீயாம்!" என்று எவனோ சொன்னான். அவ்வளவு தண்ணீரும் என்மேல்.

மச்சான் வாளி கொண்டுவரவில்லை. வேலியில் சாய்ந்துகொண்டு, "மாப்பிள்ளே, நானும் அழுக்கோட அடிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். நீ குளிச்சுக்கிட்டே அடிக்கிற" என்றான்.

ஆனால் முளைகள் உடையவில்லை, கயிறு அறுபடவில்லை. குச்சி மட்டும் ரொம்பப் பலமாக விழுந்தது. அதற்குத் துணி சுற்றினேன். அப்புறம் தாளத்துக்கு முளை அடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் அதை என்னிடமே விட்டுவிட்டார். மச்சானிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்பேனா? என் காதில் இருந்த தாளத்தை வைத்து நானே அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மெஷினை வைத்தோம். மணல் மூட்டை வெளியே அரச மரத்தில் தொங்கியது. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். தலைவர் வாட்சைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். முள் சரியாக ஆறில் நின்றதும் தலையை ஆட்டினார். மூட்டையைத் தடுத்து வைத்திருந்த கட்டையை நான் உருவினேன்.

முதலில் மெதுவாக. டக்கு டக்கு... டக்கு டக்கு. பூசாரி சூடத்தை ஏற்றினார். மூட்டை இறங்க இறங்க வேகம் கூடியது. டக்கு டக்கு, டக்கு டக்கு, டக்குடக்கு டக்குடக்கு. பூசாரி சூடத் தட்டை அதற்கு ஈடுகொடுத்துச் சுற்றினார், அப்புறம் அவர் கையே அவர் பேச்சைக் கேட்கவில்லை.

கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் மெல்ல ஆடத் தொடங்கியது. சாமி வந்துவிட்டதோ என்று பார்த்தேன். சாமி இல்லை. ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆடுகிற ஆட்டம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காதில் வேறு என்ன தாளம் இருக்கும்? தண்டவாளம் ஜாயிண்ட் ஜாயிண்டாகக் கடக்கிற சக்கரத்தின் தாளத்தை நான் அப்படியே உருளையில் அடித்து வைத்திருந்தேன். ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்புகிறது. மணியும் அடிக்கிறது.

கொடி காட்டுகிறவர் கண்ணைத் திறக்காமலே வலது கையைத் தூக்கினார். கிழவி ஒருத்தி தன் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தண்டவாளக் கேட்டை மூடித் திறக்கிற கேட்காரர்தான் மோசம். பூசைக்காகக் கேட்டைப் பெண்டாட்டி பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார். ரயில் சத்தம் காதில் விழுந்ததும், "ஐயோ, கேட்டு!" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடிப் போய்த் தண்டவாளக் கேட்டை இரண்டு பக்கமும் மூடிவிட்டார்.

வராத ரயிலுக்கு மூடிய கேட்டு. இந்தப் பக்கம் நாலு மாட்டு வண்டி, அந்தப் பக்கம் ரிக்‌ஷாக்கள், கோழிக் கூடை ஏற்றிய ஒரு லோரி, அதற்கும் பின்னால் யாரோ ஒரு துரையின் மோட்டார் கார். துரை ஹாரன் அடிக்க, மாடு மிரள, லோரிக்காரச் சீனர் கேட்காரரைத் தன் பாஷையில் திட்ட, கேட்காரர் விடாமல் கையைக் காட்டி, "இதோ வருது, இதோ வருது" என்றார். மணல் மூட்டை தரையில் இடித்து மெஷின் நின்றது. ரயில் அந்தரத்தில் நின்றுபோனது. கேட்காரர் தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்த்தாராம்.

தலைவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வாட்சைப் பார்த்தார். "ஆறு மணி நாலு நிமிஷம். பூசை முடிஞ்சிருச்சு! தாளத்த மட்டும் கொஞ்சம் மாத்திரு. மெஷின் இங்கதான் இருக்கப் போவுது. ஒன் மச்சான் அமாவாசைக்குள்ள அறையக் காலி பண்ணட்டும். அங்க எண்ணெய், கயிறெல்லாம் போட்டு வச்சுக்கலாம்."

ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போனேன். ஏழு மணிக்குச் சோறு தயாராக இருந்தது. அதைப் போடாமல் என் மனைவி தரையை அளந்துகொண்டிருந்தாள். சேலை முந்தானையால், சுவரிலிருந்து சுவருக்கு.

"என்ன பண்ற?"

"அண்ணன், அண்ணி, பெரிய பிள்ளைங்க மூணும் இந்தப் பக்கம். சின்னது ரெண்டும் நம்ம கூட. ஆட்ட அடுப்படியில கட்டணும்."

"எதுக்கு?"

"ஏங்க, அமாவாசைக்கு அப்புறம் அவரு எங்க போவாரு? ரோட்டுலயா? நீங்கதான வேலைய எடுத்தீங்க. நீங்கதான் எடம் குடுக்கணும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி. நான் கால் நீட்டினால் கதவு மூடாது.

மறுநாள் காலை மச்சானே வந்துவிட்டான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தான். நான் படுக்கிற மூலையில் போய் உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளே, இந்த மூல நல்லாக் காத்தோட்டமா இருக்கு. நான் இங்க படுத்துக்கிறேன்."

"அது என் இடம்."

"நீதான் விடிஞ்சதுமே வேலைக்குப் போயிருவியே. அப்புறம் ஒண்ணு. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து அடிச்சுப் பழகுவேன். வேல இல்லன்னாலும் கைப்பழக்கம் விடக் கூடாது பாரு."

"கோயில்ல வேல இருந்தப்ப ஒரு நாளாச்சும் அஞ்சு மணிக்கு எழுந்தியா?"

"அப்பதான் தெனம் பூசையில அடிச்சுக்கிட்டு இருந்தேனே. பழக எதுக்கு?"

ஆடு அவனோடேயே வந்திருந்தது. அது என் தலையணையை முகர்ந்து பார்த்தது.

பட்டறைக்குப் போனதும் நேராக யாழ்ப்பாணத்தாரிடம் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பென்சிலைத் தேடிக்கொண்டே கேட்டார். அப்புறம் அந்தத் தாளை எடுத்து முன்பக்கத்தைத் திருப்பினார். மூன்றாவது கேள்விக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

"இப்ப எழுதும்."

எழுதினேன். "ஏழு பேர், ஒரு ஆடு."

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவரை அடிக்கலாம் போல் இருந்தது. சிரித்து முடித்துவிட்டு, "ஒண்டும் கெட்டுப் போகேல்லை. செய்து, பார்த்து, திருத்துறதுதானே எங்கட வேலை. ஆளைத் திருத்தேலாது. மெஷினைத் திருத்தும்" என்றார்.

"உடைச்சுப் போட்டுரவா?"

"தலைவர் விடுவாரோ? அவருக்கு ஆறு மணி நாலு நிமிஷம் காட்டிப்போட்டீர். இனி அந்தாளுக்கு அதுதான் வேணும். உடைக்காதையும். ஆள் இல்லாமல் ஓடாத மாதிரிச் செய்யும்."

அன்று முழுக்க எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு பெரிய எஞ்சின், எவ்வளவு பலம். அதற்கும் ஒரு டிரைவர், கரி போட ஒரு ஆள். ஆளில்லாத எஞ்சினை எந்த ரயில்காரனாவது நம்புவானா?

சாயங்காலம் தலைவரைப் பிடித்தேன். "ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. டிரைவர் இல்லாம வண்டிய விட்டுட்டேன். அதான் தண்டவாளக் கேட்டுல அந்தக் கலாட்டா."

தலைவர் முகம் மாறியது. முப்பது வருஷம் ரயிலில் இருந்தவர். "டிரைவர் இல்லாமயா விட்ட? ஒனக்குப் புத்தி இருக்கா? மூட்டை வேகமா எறங்கி யார் மண்டையிலாவது விழுந்திருந்தா?"

"அதான்யா. மூட்டைய எடுத்துட்டுக் கைப்பிடி வச்சுரலாம். பூசாரி கையப் பாத்துப் பாத்து, மெதுவாவும் வேகமாவும் சுத்த ஒரு ஆள் வேணும். தாளம் தெரிஞ்ச ஆள். பக்கத்துலயே குடியிருக்கிற ஆளா இருந்தா நல்லது."

"யாரு, ஒன் மச்சானா? அவனா? நேரத்துக்கு வருவானா?"

"வருவான்யா."

"ஒரே ஒரு நாள் பிந்தட்டும். ஆளையும் தூக்கிருவேன், ஆட்டையும் தூக்கிருவேன்."

மூட்டை போனது, கைப்பிடி வந்தது. இந்தத் தடவை முளைகளை மச்சான் சொன்ன இடத்தில் அடித்தேன். சொல்லும்போது என் தலையைத் தட்டித் தட்டித் தாளம் சொன்னான். பொறுத்துக்கொண்டேன். வெளியே எதுவும் தெரியாதபடி பால் டின் பெட்டிப் பலகையால் மேளத்தையும் உருளையையும் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு கூடு அடித்தேன். பூசாரியைப் பார்க்க அதில் சின்ன ஜன்னல், நுழையப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. மச்சான் உள்ளே உட்கார்ந்து சுற்ற வேண்டும்.

அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம். ஆட்கள் ரயில் அன்று பத்து நிமிஷம் பிந்தியது. ஸ்டேஷனிலிருந்து ஓடினேன். வழியெல்லாம் என் வீட்டு மூலையில் அவன் குறட்டை விடுகிற சத்தம் கேட்டது. கோயில் வாசலில் தலைவர் வாட்சை எடுத்துவிட்டார். கூட்டைப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. அறைப் பக்கம் ஓடினேன். அங்கே ஆடு மட்டும் நின்றது.

திரும்பி வந்தால், கூட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மச்சான் மல்லாக்கப் படுத்து அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எழுந்தான். உடம்பில் காக்கிக் கோட்டு. என் கோட்டு. என் மனைவி எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"எப்ப வந்த?"

"நாலு மணிக்கு. டிரைவர்னா முன்னாடியே வந்து வண்டியப் பாக்க வேணாமா? தள்ளி நில்லு மாப்பிள்ளே, வெளியாளுங்க வண்டிப் பக்கம் வரக் கூடாது."

மேளக்காரனாக இருந்தபோது பத்தடி நடந்து வர முடியாதவன், டிரைவர் என்றதும் இரண்டு மணி நேரம் முன்னாடி வருகிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் ஆறு மணிக்குப் பூசை தொடங்கியது. ஆறரைக்கு வீடு. ஏழுக்குச் சோறு. அறை அவனுக்கே இருந்தது. மூலை எனக்கே இருந்தது. கோட்டு மட்டும் திரும்பி வரவில்லை.

மெஷினின் புகழ் பரவியது. கிள்ளானிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். "மெஷினு அடிக்கிற மாதிரியே இல்ல, மனுஷன் அடிக்கிற மாதிரி இருக்கு" என்று தலைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், பூசை நடக்கும்போதே, உருளை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாமென்று கூட்டின் பின்பக்கப் பலகையைக் கழற்றினேன்.

உருளை ஒரு ஓரத்தில் கிடந்தது. அதன்மேல் ஆட்டுக்குத் தழை. மச்சான் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு, பழையபடி இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான். மணிக் கயிறு இடது கால் கட்டைவிரலில். வலது காலால் வெறும் கைப்பிடியை உதைத்து உதைத்து, மெஷின் ஓடுகிற கடகட சத்தத்தை மட்டும் உண்டாக்கிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்தான். அடிப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டாவது வாரமே முளையெல்லாம் ஒடஞ்சு போச்சு மாப்பிள்ளே" என்றான். "சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு..."

வெளியே தலைவர் வாட்சைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கையை விட்டு, ஆட்டுத் தழையை மட்டும் எடுத்து வெளியே எறிந்தேன். பலகையைப் பழைய இடத்தில் வைத்து நாலு ஆணியும் அடித்தேன். அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆணி சேர்த்து அடித்தேன்.